தீப்பொறிச் செருகி மாற்றுதல்

தீப்பொறிச் செருகி மாற்றுதல் என்பது பெட்ரோல் எஞ்சினின் உருளைகளில் காற்று-எரிபொருள் கலவையைப் பற்றவைக்கும் செருகிகளைக் கழற்றி, அவற்றின் நிலையை ஆய்ந்து, புதியவற்றைப் பொருத்தும் பராமரிப்புப் பணி ஆகும். இச்செருகி பேச்சு வழக்கில் ஸ்பார்க் பிளக் அல்லது பிளக் எனப்படுகிறது. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய தானுந்துகளில் இப்பணியைச் சில எளிய கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே செய்ய இயலும். எனினும் அலுமினியத் தலை கொண்ட எஞ்சின்களில் கவனக்குறைவு மரையைச் சிதைத்து, செருகியின் விலையைவிடப் பன்மடங்கு செலவை உண்டாக்கும். இக்கட்டுரை மாருதி 800 தானுந்தின் கார்புரேட்டர் வகையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

எஞ்சினும் தீமூட்டல் அமைப்பும்

மாருதி 800 இந்தியாவில் 1983 டிசம்பர் முதல் 2014 சனவரி வரை உற்பத்தி செய்யப்பட்டது. இதன் 796 கன செ.மீ. கொள்ளளவுள்ள சுசூக்கி எஃப்8பி எஞ்சின் மூன்று உருளைகளைக் கொண்டது. உருளைக்கு ஒன்றாக மூன்று செருகிகள் உள்ளன. இவற்றின் மரை 14 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. புரியிடைவெளியும் உடையது.

மின்கலத்தின் 12 வோல்ட்டு மின்னழுத்தத்தை இக்னிஷன் காயில் எனப்படும் மின்சுருள் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதனை 1-3-2 என்னும் வரிசையில் மூன்று உருளைகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. செருகியின் நடு மின்முனைக்கும் பக்க மின்முனைக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியைத் தாண்டும்போது மின்சாரம் பொறியாக வெளிப்பட்டுக் கலவையைப் பற்றவைக்கிறது.

நான்கு வீச்சு எஞ்சினில் வணரித்தண்டின் இரு சுழற்சிகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு செருகியும் பொறி தரவேண்டும். நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் இது நிமிடத்துக்கு 1500 பொறிகள் ஆகும். அவ்வேகத்தில் 200 மணி நேரம் ஓடிய எஞ்சினில் ஒவ்வொரு செருகியும் 1.8 கோடி முறை பொறி தந்திருக்கும். ஒவ்வொரு பொறியும் மின்முனையைச் சிறிதளவு அரிப்பதால், கூரிய விளிம்புகள் மழுங்கி இடைவெளி அகலுகிறது. அகன்ற இடைவெளியைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. மின்சுருளால் அதனைத் தர இயலாதபோது பொறி தவறுகிறது.

வரலாறு

எத்தியன் லெனுவார் 1860இல் உருவாக்கிய வளிம எஞ்சினில் மின்பொறி கொண்டு தீமூட்டினார். செருமனியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் பொறியியலாளர் காட்லோப் ஹோனோல்ட் 1902இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்குரிய செருகியையும் உருவாக்கியதை அடுத்து, இம்முறை தானுந்துகளில் பரவியது. இந்தியப் பணிமனைகளில் நெடுங்காலம் புழங்கிய மைக்கோ என்னும் வணிகப் பெயர், 1951இல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கு உரியது. அந்நிறுவனம் 2008இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மாற்றவேண்டிய காலமும் அறிகுறிகளும்

நிக்கல் மின்முனை கொண்ட சாதாரணச் செருகிகள் பொதுவாக 10,000 முதல் 20,000 கி.மீ. வரை பயன்படும். வண்டியின் கையேடு கூறும் அளவே இறுதியானது. பின்வருவன தேய்மானத்தின் அறிகுறிகளாகும்:

* குளிர்ந்த எஞ்சின் கிளம்ப நேரமாதல்
* வண்டி நிற்கும்போது எஞ்சின் சீரற்று அதிர்தல்
* மேடேறும்போது இழுவை குறைந்து விட்டு விட்டு ஓடுதல். பணிமனைகளில் இது மிஸ்ஸிங் எனப்படுகிறது
* எரிபொருள் செலவு கூடுதல்

மூன்று உருளைகளே உள்ள எஞ்சினில் ஒரு செருகி செயலிழந்தால் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழக்கப்படும். எரியாத பெட்ரோல் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, தேய்மானத்தைக் கூட்டுகிறது. வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்ட வண்டிகளில் அப்பெட்ரோல் மாற்றிக்குள் எரிந்து, அதனை மிகையாகச் சூடாக்கிச் சேதப்படுத்தும். தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் தானுந்துகளுக்கு இம்மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. எனவே மிஸ்ஸிங் உள்ள வண்டியை அந்நிலையிலேயே தொடர்ந்து ஓட்டுவது சிக்கனம் ஆகாது.

தேவையான கருவிகள்

* செருகியின் அறுகோணத்துக்குப் பொருந்தும், உள்ளே ரப்பர் பிடிப்புள்ள பிளக் ஸ்பேனர்
* இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ்
* சைக்கிள் பம்பும் கண் காப்புக் கண்ணாடியும்
* ஒரு சாண் நீள ரப்பர் குழாய், செருகியின் தலையில் இறுக்கமாகப் பொருந்தும் அளவில்
* முறுக்குவிசை காட்டும் டார்க் ஸ்பேனர், இருப்பின் நன்று
* கையேட்டில் குறிப்பிட்ட எண்ணுடைய புதிய செருகிகள்

செய்முறை

1. எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான அலுமினியத் தலையிலிருந்து செருகியைக் கழற்றினால் மரை பிய்ந்துவரும் வாய்ப்பு அதிகம். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பது எளிய வழி.

2. கியரை நியூட்ரலில் வைத்து, கைத்தடையை இழுத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பது பாதுகாப்பானது.

3. ஒரு நேரத்தில் ஒரு செருகியை மட்டுமே மாற்ற வேண்டும். இரு உயரழுத்தக் கம்பிகள் இடம் மாறினால் மூன்றில் இரண்டு உருளைகள் தவறான நேரத்தில் பொறி பெறும். எஞ்சின் கிளம்பாமலோ, கார்புரேட்டர் வழியே வெடித்தோ தொல்லை தரும்.

4. கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் முனையிலுள்ள ரப்பர் உறையைச் சற்றே திருகி இழுக்க வேண்டும். கம்பியை இழுத்தால் உள்ளிருக்கும் கடத்தி அறுபடலாம்.

5. செருகியை அரைச் சுற்று தளர்த்தி நிறுத்தி, அதனைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்ற வேண்டும். இதனைத் தவிர்த்தால் அத்தூசி உருளைக்குள் விழுந்து சுவரைக் கீறும். அதன் பின்னரே முழுவதும் கழற்ற வேண்டும்.

6. கழற்றிய செருகிகளை உருளை எண் வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும்.

7. புதிய செருகியின் இடைவெளியை ஃபீலர் கேஜால் சோதிக்க வேண்டும். இவ்வெஞ்சினுக்கு இது பொதுவாக 0.7 முதல் 0.8 மி.மீ. ஆகும். திருத்தும்போது பக்க மின்முனையை மட்டுமே வளைக்கலாம். நடு மின்முனையை நெம்பினால் பீங்கான் விரிசலுறும்.

8. ரப்பர் குழாயில் செருகியைப் பொருத்தி, குழாயை விரல்களால் உருட்டி மரையில் ஏற்ற வேண்டும். மரை கோணலாக ஏறத் தொடங்கினால் குழாய் வழுக்கிவிடும், ஸ்பேனர் வழுக்காது. குழாயின் பயன் இதுவே. பல சுற்றுகள் தடையின்றி ஏறி, வாஷர் தலையில் அமரும் வரை ஸ்பேனரைப் பயன்படுத்தலாகாது.

9. வாஷர் அமர்ந்தபின் புதிய செருகியை ஸ்பேனரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்க வேண்டும். 14 மி.மீ. செருகிக்கும் அலுமினியத் தலைக்கும் இது ஏறத்தாழ 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் ஆகும். ஏற்கெனவே நசுங்கிய வாஷருள்ள பழைய செருகியை மீண்டும் பொருத்தினால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதுமானது.

10. ரப்பர் உறையைச் சொடுக்கென்ற ஒலி எழும் வரை அழுத்த வேண்டும்.

மரைக்கு எண்ணெயோ கிரீசோ இடுவது பரவலான வழக்கம். முலாம் பூசிய செருகிகளுக்கு அது தேவையில்லை எனச் செருகித் தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். மசகிட்ட மரையில் உராய்வு குறைவதால், அதே விசையில் செருகி அளவுக்கு மீறி இறுகிவிடும்.

பழைய செருகி காட்டும் தடயங்கள்

கழற்றிய செருகியின் முனை, உருளைக்குள் நிகழ்வதைக் காட்டும் சான்றாகும்.

* இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: எரிதல் சீராக உள்ளது.
* உலர்ந்த கருங்கரி: பெட்ரோல் மிகுதி, அடைபட்ட காற்று வடிகட்டி அல்லது முழுவதும் திறவாத சோக்.
* ஈரமான கரிய எண்ணெய்ப் படிவு: பிஸ்டன் வளையங்கள் அல்லது வால்வு சீல்களின் தேய்மானம்.
* வெளுத்துக் கொப்புளமிட்ட பீங்கான்: மிகைச் சூடு, பெட்ரோல் குறைந்த கலவை அல்லது முந்திய தீமூட்டல்.
* உடைந்த பீங்கான்: வெடியதிர்வு அல்லது இடைவெளி திருத்தும்போது ஏற்பட்ட சேதம்.

மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தால் காரணம் கார்புரேட்டர் போன்ற பொது உறுப்பில் இருக்கும். ஒன்று மட்டும் வேறுபட்டால் அவ்வுருளையையும் அதன் கம்பியையும் ஆராய வேண்டும். எண்ணெய் படிந்த செருகியை மாற்றுவது நோயின் அறிகுறியை மட்டுமே நீக்கும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000 பிப்ரவரி முதல் நிறுத்தப்பட்டது. ஈயமற்ற பெட்ரோலில் முனை முன்பைவிட வெளிறித் தோன்றுவதால், பழைய கையேடுகளின் நிறப்படங்களை அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது.

வெப்ப எண்

முனையின் வெப்பத்தை எஞ்சின் தலைக்குக் கடத்தும் திறனை வெப்ப எண் குறிக்கிறது. முனையின் வெப்பநிலை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் கரி எரிந்து நீங்காது. 850 பாகையைத் தாண்டினால் பொறிக்கு முன்னரே கலவை பற்றிக்கொள்ளும் இடர் உண்டு. வெப்ப எண்ணைக் குறிக்கும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். என்ஜிகே வகையில் பெரிய எண் குளிர்ச்சியான செருகியையும், பாஷ் வகையில் பெரிய எண் சூடான செருகியையும் குறிக்கும். ஆகவே எண்ணை மட்டும் ஒப்பிட்டு வேறு நிறுவனச் செருகியை வாங்குதல் தவறு. மரையின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். நீளம் மிகுந்தால் செருகி பிஸ்டனிலோ வால்விலோ மோதக்கூடும்.

மரை சிதைவு

செருகி எஃகாலும் தலை அலுமினியத்தாலும் ஆனதால், கோணலாக ஏற்றினால் அழிவது தலையின் மரையே ஆகும். கையால் ஏற்றும்போது தடை தென்பட்டால் உடனே நிறுத்தி, செருகியை எதிர்த்திசையில் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். சிறு சேதத்தை மரைத் திருத்தியால் சீராக்கலாம். மரை முற்றிலும் போய்விட்டால் துளையைப் பெரிதாக்கி, எஃகு மரை உள்ளீடு பொருத்த வேண்டும். அப்போது விழும் உலோகத்தூள் உருளைக்குள் சேராதிருக்கத் தலையைக் கழற்றிச் செய்வதே முறை. இது வீட்டில் செய்யத்தக்க பணி அன்று.

பிற தானுந்துகள்

அம்பாசடரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் நான்கு செருகிகளையும் 1-3-4-2 என்னும் வரிசையையும் கொண்டது. அதன் தலை வார்ப்பிரும்பு ஆகையால் மரை எளிதில் சிதையாது. தற்கால எஞ்சின்கள் பலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டரும் நீள் கம்பிகளும் இல்லை. ஒவ்வொரு செருகியின் மீதும் தனி மின்சுருள் அமர்ந்துள்ளது. இரிடியம், பிளாட்டினம் முனையுள்ள செருகிகள் நீண்டகாலம் உழைக்கும். அவற்றின் மெல்லிய முனையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தல் கூடாது. டீசல் எஞ்சின்களில் அழுத்தச் சூட்டினாலேயே எரிபொருள் பற்றுவதால் தீப்பொறிச் செருகி இல்லை. அவற்றிலுள்ள குளோ பிளக் எஞ்சினைக் கிளப்புவதற்கு உதவும் சூடேற்றி மட்டுமே ஆகும்.