கண்டி மலைச்சரிவில் ஒரு கல்லறைத் தோட்டம்: கல்லும் ஏடும் காத்த சரித்திரம்

கண்டி மாநகரில் தலதா மாளிகையைத் தரிசித்து வெளிவருவோர், அதனை அடுத்துள்ள தேசிய நூதனசாலைக்குப் பின்புறமாக மேட்டில் ஏறும் சிறு பாதையில் சில நிமிஷம் நடந்தால், மரநிழல் கவிந்த ஒரு சரிவிலே, புல் ஒழுங்காக வெட்டப்பட்டு, பெயர் பொறித்த கற்கள் சாய்ந்தும் நிமிர்ந்தும் நிற்கும் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தைக் காண்பர். ஆங்கிலேயப் படைமுகாமின் மயானமாகத் தொடங்கி, பின்னர் மலைநாட்டிற்கு முதன்முதலாக வந்து தங்கிய ஐரோப்பிய உத்தியோகஸ்தர், தோட்டத் துரைமார், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோருக்கு இறுதி இடமாகிய இதில் இன்று நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. பரப்பிலே இது சிறியது. சிற்பச் சிறப்பினாலும் பெரியதென்று சொல்லுவதற்கில்லை. ஆயினும் இது தோன்றியது, அடைபட்டது, காடு மூடியது, மீண்டது ஆகிய நான்கு நிலைகளையும் முறையே ஆராய்வோமானால், ஒரு சிற்றிடத்தின் சரித்திரம் எவ்வாறு நிலைபெறுகிறது என்பது விளங்கும். கல்லைக் காட்டிலும் ஏடே இம்மயானத்தின் நினைவைத் தாங்கி நின்றது என்பதும், அந்த ஏட்டில் இடம்பெறாதவர் பொருட்டு இன்னும் ஆற்றவேண்டிய கடமை ஒன்று நமக்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

தோற்றம்

1815-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2-ஆம் தேதி கண்டியில் கையெழுத்தான உடன்படிக்கையால், இலங்கையின் கடைசிச் சுதந்திர ராஜ்யம் ஆங்கிலேய முடியின் ஆளுகைக்கு உட்பட்டது. கண்ணுச்சாமி என்ற இயற்பெயருடைய நாயக்க வமிசத்து அரசன் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கன் சிறைப்பட்டு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832-இல் அங்கேயே உயிர்நீத்தான். அவ்வுடன்படிக்கையை உருவாக்குவதில் முதன்மையான பங்கு வகித்தவர் ஜான் டாய்லி. 1801-இல் இலங்கைக்கு வந்து, பௌத்த பிக்கு ஒருவரிடம் சிங்களம் பயின்று, கண்டியின் ரெஸிடெண்டாக உயர்ந்து, அந்நாட்டு ஆட்சிமுறையைப் பற்றி இன்றளவும் ஆராய்ச்சியாளர் எடுத்தாளும் ஒரு நூலையும் எழுதிவைத்த அவர், தாயகம் திரும்பாமலே 1824-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி காய்ச்சலால் மாண்டார். இத்தோட்டத்தில் எல்லாக் கற்களையும் விட உயர்ந்து நிற்கும் கிரேக்கப் பாணித் தூண் அவருடைய சமாதியின் மேல் எழுப்பப்பட்டதே. முடியிழந்தவன் பாலாற்றங்கரையில் அடங்க, முடியைப் பறிக்கத் துணைநின்றவர் அவன் தலைநகரிலேயே அடங்கினார். 

ஆயினும் டாய்லிக்கு முன்னரே இம்மயானத்திற்கு மனிதர் வந்துவிட்டனர். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் நெப்போலியனுடைய படைகளோடு புஸாக்கோ, ஆல்புவேரா, விட்டோரியா ஆகிய களங்களிலும், இறுதியாக வாட்டர்லூவிலும் பொருது உயிர் தப்பிய ஜேம்ஸ் மக்ளாஷன் என்னும் காப்டன், 1817-இல் கண்டிக்கு வந்த சில காலத்திற்குள் மலேரியாவுக்கு இரையானார். ஐரோப்பா முழுவதையும் நடுங்கவைத்த பீரங்கிகள் செய்ய முடியாததை மலைநாட்டுக் கொசு செய்து முடித்தது. அதே ஆண்டு ஊவாவில் மூண்டு 1818 வரை நீடித்த கிளர்ச்சியை அடக்குவதற்காகப் படைகள் காட்டிலும் மழையிலும் அலைந்தபோது, வாளாலும் அம்பாலும் இறந்தவரினும் நோயால் இறந்தவரே மிகுதி. எனவே இத்தோட்டத்தின் முதல் அடுக்கைப் போர்க்கள மயானம் என்பதினும், குளிர்தேசத்து உடல்கள் உஷ்ணதேசத்து நோய்களை எதிர்ப்பட்டதற்கான சாட்சி என்று கொள்வதே பொருந்தும்.

காப்பிக் காலம்

1824 முதல் 1831 வரை கவர்னராயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ், கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப்பாதை அமைத்து, கண்ணொறுவையில் தாமே காப்பி பயிரிட்டு, உத்தியோகஸ்தர்களையும் அத்தொழிலில் ஊக்கினார். அக்காலத்திலேயே ஜார்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகிலுள்ள சின்னப்பிட்டியவில் காப்பித் தோட்டம் போட்டார். அடுத்த இருபதாண்டுகளில் மலைகள் மொட்டையாக்கப்பட்டுக் காப்பிச் செடிகளால் நிறைந்தன. மலையகத் தமிழர் கோப்பிக் காலம் என்று வழங்கும் இவ்யுகத்தின் முன்னோடிகளே இத்தோட்டத்தின் இரண்டாவது அடுக்கு.

அவர்கள் மாண்ட விதங்களை நோக்கினால், மலைநாட்டு வாழ்வின் அபாயங்கள் யாவும் ஒரு ஜாபிதாவாக நம் கண்முன் விரிகின்றன. ஜான் ஸ்பாட்டிஸ்வுட் ராபர்ட்சன் என்பவர் 1856-இல் காட்டுயானையால் கொல்லப்பட்டார். இலங்கையில் அவ்வாறு மாண்டதாகப் பதிவான ஏழு ஐரோப்பியருள் அவரே கடைசியானவர். டேவிட் பின்ட்லே 1861-இல் தம் வீடு இடிந்து மேலே விழுந்ததனால் இறந்தார். வில்லியம் வாட்ஸன் மாக்வுட் 1867-இல் குதிரையிலிருந்து இறங்கும்போது, கீழே நட்டிருந்த முளைக்குச்சி பாய்ந்து மரணமடைந்தார். காலரா, காய்ச்சல், வெயிலின் தாக்கு ஆகியவற்றால் இறந்தோரும், கண்திறந்து சில மாதமும் வாழாத சிசுக்களும் இவர்களைச் சூழ்ந்து கிடக்கின்றனர். அரசாங்க அறிக்கைகள் காப்பி ஏற்றுமதியின் அந்தர்களைக் கணக்கிட்டன. அத்தொழில் கொண்ட விலையை இக்கற்கள் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. 1869-இல் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறமாகத் தோன்றிய பூஞ்சண நோய், சில ஆண்டுகளுக்குள் அத்தொழிலையே அழித்து, தேயிலைக்கு இடம்விடச் செய்தது.

அடைப்பும் ஏடும்

1870-களில் நகர எல்லைக்குள் பிணம் அடக்குவது தடைசெய்யப்பட்டதனால், இத்தோட்டமும் அடைபட்டது. முன்பே இங்கு அடங்கியவரின் உறவினருக்கு மாத்திரம் விதிவிலக்கு அளிக்கப்பட்டு, 1951-இல் கடைசி அடக்கம் நிகழ்ந்தது. பின்வந்தவர்கள் மகையாவ மயானத்திற்குச் சென்றனர்; இலங்கைத் தேயிலையின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெய்லர் 1892-இல் அங்கேயே அடக்கமானார். காப்பிக்காரர் ஒரு மயானத்திலும், தேயிலைக்காரர் மற்றொன்றிலும் உறங்குமாறு காலமே வகுத்துவிட்டாற்போல இது அமைந்தது.

இத்தோட்டம் அடைபட்ட காலத்தை ஒட்டி இதில் அடங்கியோருள் ஒருவர், கவர்னர் வில்லியம் கிரகரியின் மனைவி எலிஸபெத். 1873-இல், தாம் இந்நாட்டுக்கு வந்த மறுவருஷமே, அவர் காலமானார். மனைவியை இம்மண்ணில் இட்ட அக்கவர்னரே, இத்தீவின் பழைய சாஸனங்கள் மழையிலும் வெயிலிலும் அழிவதற்குள் அவற்றைப் பிரதி செய்யவேண்டுமென்று கருதி, ஜெர்மானியப் பண்டிதர் பால் கோல்ட்ஷ்மிட்டை 1875-இல் அப்பணிக்கு நியமித்தார். 1877-இல் கொழும்பு நூதனசாலையையும் திறந்துவைத்தார். அதே 1877-இல், லியோபோல்ட் லுடோவிஸி என்பவர் இலங்கையிலுள்ள டச்சுக் கோயில்களின் கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்டார். கல்லில் இருப்பதைக் காகிதத்தில் ஏற்றிவைக்க வேண்டும் என்னும் உணர்ச்சி இவ்வாறு ஒரு பத்தாண்டுக்குள் இத்தீவில் வேரூன்றிவிட்டது.

அவ்வுணர்ச்சி பழுத்த கனி, 1913-இல் கொழும்பில் வெளிவந்த ஜான் பென்றி லூயிஸின் நூல். லூயிஸ், வட மாகாணத்திலும் மத்திய மாகாணத்திலும் அரசாங்க அதிபராயிருந்தவர். 1895-இல் வன்னி நாட்டைப் பற்றி அவர் எழுதிய கைந்நூலைத் தமிழ் ஆராய்ச்சியாளர் நன்கறிவர். சென்னை ராஜதானியின் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-இல் வெளியிட்டதுபோல, இவர் இலங்கை முழுதும் உள்ள கல்லறைகளின் வாசகங்களைத் திரட்டினார். அவற்றைப் பெயர்த்தெழுதுவதோடு அமையாமல், அவருடைய நூல் இறந்தவர் யார், எவ்வாறு இறந்தார், அவர் சந்ததியார் யாவர் என்பனவற்றையும் ஆராய்ந்து குறித்தது. கண்டிக் கல்லறைகளைப் பற்றி இன்று வழங்கும் விருத்தாந்தங்களுள் பல, அவ்வேட்டில் முன்னரே அச்சேறியவை. அந்நூலின் பெயரிலேயே ஒரு வாசகம் உண்டு: நினைவுக்கல் எழுப்பப்படாதவர்களின் மரணக் குறிப்பும் இதனுடன் சேர்க்கப்பட்டது என்பதே அதன் பொருள். இவ்வாசகத்திற்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

மீட்சி

ஏடு நூலகத்தில் பத்திரமாயிருக்க, கற்கள் நாதியற்றுக் கிடந்தன. ஆட்சி மாறியது; கல்லின்கீழ்க் கிடந்தவரின் பேரர் கடல்கடந்து சென்றனர். செடிகொடிகள் படர்ந்து, வேர்கள் காரையைப் பிளந்து, மழைநீர் எழுத்துக்களை அரித்தது. உரியவர் இல்லாத கல்லறை எங்கும் அடையும் கதி இதுவே. 1976-இல் தியான் வில்கின்ஸன் இங்கிலாந்தில் நிறுவிய தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கம், இத்தகைய இடங்களின் வாசகங்களையும் படங்களையும் தேடித்திரட்டி லண்டனில் சேமித்துவருவது, இவ்விழப்பின் அளவை உணர்ந்து தோன்றிய முயற்சியாகும். கண்டித் தோட்டமும் 1998-இல் புதுப்பிக்கப்பட்டு, வருவோர் படித்தறியத்தக்க நிலையை மீண்டும் அடைந்தது.

இத்தகைய பணியில் ஆர்வம் மாத்திரம் போதாது, முறையும் வேண்டும். முதலில் நிலத்தை அளந்து வரைபடம் எழுதி, ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்தல் வேண்டும். இடம்பெயர்ந்த கல் யாருடைய தலைமாட்டில் நின்றதென்பதை அவ்வரைபடமே பிற்காலத்தார்க்குச் சொல்லும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது படமெடுத்தால், உச்சிவேளையில் புலப்படாத எழுத்தும் நிழல்கட்டித் தெளியும். பாசியை அமிலத்தாலோ இரும்புத் தூரிகையாலோ சுரண்டுவது பாசியோடு எழுத்தையும் போக்கிவிடும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் பொறுமையுமே போதும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சமாதியைச் சிமெண்டால் பூசினால், உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை உளுக்கச் செய்யும். வாசகத்தைப் பெயர்த்தெழுதுபவர், பிழையைத் திருத்தாமலும், அழிந்த எழுத்தை ஊகத்தால் நிரப்பாமலும், வரிக்கு வரி உள்ளவாறே எழுதி, பின்னர் கோயில் அடக்கப் பதிவேட்டோடும் அக்காலப் பத்திரிகைகளோடும் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தனியே குறித்தல் வேண்டும். கல் ஒரு தேதியையும் ஏடு மற்றொரு தேதியையும் கூறுமாயின், இரண்டையும் காப்பதே நேர்மை.

கல்லில்லாதவர்

இங்கே லூயிஸ் நூலின் அந்த வாசகம் மீண்டும் நம்மை அழைக்கிறது. நினைவுக்கல் இல்லாதவர் என்று அவர் கருதியது பெரும்பாலும் தம் இனத்தவரையே. ஆனால் காப்பிக் காலத்தில் மலைநாட்டில் கல்லில்லாமல் மாண்டவர் யார் என்று கேட்போமானால், நம் சிந்தை தானே வடக்கு நோக்கித் திரும்பும். மதுரை, ராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை ஆகிய சீமைகளிலிருந்து கங்காணிமார் பின்னே புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர், படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளை வரை பல நாள் கால்நடையாய் நடந்தனர். பசியும் காலராவும் காய்ச்சலும் அவ்வழியிலே அவர்களை வீழ்த்தின. வீழ்ந்தவர் வீழ்ந்த இடத்திலேயே விடப்பட்டனர். அத்துரைமாருக்காகக் காடுகளை வெட்டி, குழி தோண்டி, செடி நட்டு, பழம் பறித்தவர் இவர்களே. ஒரே தொழில், ஒரே மலை, ஒரே நோய். துரைக்குக் கல் கிடைத்தது, கூலிக்கு வழிக்காடே கிடைத்தது.

இவர்களுக்கு ஆதாரமே இல்லை என்று கைவிடுதல் நியாயமாகாது. அரசாங்க அதிபர்கள் நாள்தோறும் எழுதிய குறிப்பேடுகள் இலங்கை ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அவற்றில் அவ்வழியின் கொள்ளைநோயும் சாவும் பேசப்படுகின்றன. தோட்டங்களில் தொழிலாளர் பெயர் பதிந்த செக்ரோல் ஏடுகள் எஞ்சியவரை பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. நடந்துவந்தவர் முதலில் இளைப்பாறிய மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது; மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொழிலாளர் லயங்களிலே கேட்டுத் தொகுத்த நாட்டுப்பாடல்கள், அப்பயணத்தின் துயரத்தை மக்கள் வாய்மொழியாகவே காத்துவந்தன. கல்லெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட அதே கவனத்தோடு இவற்றையும் படித்தால், பெயர் முழுவதும் கிடைக்காவிடினும், எந்த ஆண்டில், எந்தத் துறையில், எந்த நோயால், எவ்வூர்க் கூட்டம் வீழ்ந்தது என்றாவது அறியலாகும்.

கண்டிக் கல்லறைத் தோட்டத்தைக் காத்தவர்கள் நன்றிக்குரியவர்கள். அங்கே கிடக்கும் சிசுவும் சிப்பாயும் எந்த நாட்டவராயினும், அவர்கள் பெயர் அழியாதிருப்பது மனித தர்மம். கல் உள்ளோர்க்கும் இல்லாதோர்க்கும் ஒரே நூலில் இடம் வேண்டும் என்று லூயிஸ் 1913-இலேயே வழிகாட்டிவிட்டார். அவ்வழியில் அவர் நின்ற இடத்திலிருந்து மாத்தளைப் பாதை நெடுந்தூரம் வடக்கே செல்லுகிறது. அதன் ஓரங்களில் உறங்குவோர்க்கும் அவ்வேட்டில் பக்கங்கள் எழுதி முடிக்கும்வரை, காப்பிக் காலத்தின் மரணப் பதிவு பாதியளவே எழுதப்பட்டதாகும்.