ரோமாபுரிப் பரிசும் பூட்டிய அறைகளும்

ஓவியம் பயிலும் மாணவன் ஒருவன், வயிற்றுக் கவலையின்றி அரசாங்கச் செலவில் இத்தாலியில் சில ஆண்டுகள் தங்கி, பண்டைச் சிற்பங்களையும் ராபேல் முதலிய மேதைகளின் சித்திரங்களையும் நாள்தோறும் நேரிற் கண்டு கற்க வேண்டும் என்னும் உயர்ந்த நோக்கத்தோடு, பிரான்சு தேசத்தில் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1663-ஆம் ஆண்டில் ஏற்பட்டதே ரோமாபுரிப் பரிசு. மூன்றாண்டுகளுக்குப் பின் மந்திரி கோல்பேர் ரோமில் ஒரு பிரெஞ்சுக் கலாசாலையையே நிறுவினார். 1803 முதல் அது மெடிச்சி மாளிகையில் இயங்கி வருகிறது.

விவிலியத்திலிருந்தோ, ஹோமரின் காவியத்திலிருந்தோ, புளூடார்க்கின் சரித்திரங்களிலிருந்தோ ஒரு கதைக் கட்டத்தைப் பரீட்சகர்கள் அறிவிப்பார்கள். போட்டியிடும் அனைவரும் அந்த ஒரே கட்டத்தைத்தான் சித்திரிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறை மிகவும் இறுகியது. முதற் கட்டங்களைக் கடந்த பத்து மாணவர்கள், ‘லோஜ்’ எனப்படும் தனித்தனி அறைகளில் எழுபத்திரண்டு நாட்கள் வேலை செய்து படத்தை முடிக்க வேண்டும். தொடக்கத்தில் வரைந்த கோட்டோவியத்தின் பிரதியை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். முடிந்த படம் அதிலிருந்து விலகினால் போட்டியிலிருந்தே நீக்கம். ஆசிரியரின் கை உள்ளே நுழையாதிருக்க இது தக்க காவல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், நாளுக்கு நாள் சிந்தனை முதிர்ந்து, பாத்திரங்கள் வேறு விதமாக நிற்கவேண்டுமென்று மனம் தெளிந்த பின்னும், ஆரம்பத்து அவசரத்தில் எழுந்த எண்ணத்துக்கே தன் கை அடிமையாக இருக்கவேண்டிய அந்த இளைஞனின் வேதனையே, பூட்டிய கதவைக் காட்டிலும் கொடிய சிறை என்பது என் அபிப்பிராயம்.

இப்பரிசின் சரித்திரத்தில் ஜாக் லூயி தாவீதின் கதை மனத்தை உருக்குவது. வியேன் என்னும் ஆசிரியரிடம் பயின்ற அவர், 1771-இல் மார்ஸ் தேவனும் மினர்வா தேவியும் பொருதும் காட்சியை வரைந்து இரண்டாம் பரிசே பெற்றார். மறு ஆண்டு, நயோபியின் மக்களை அப்பல்லோவும் டயானாவும் அம்பெய்து கொல்லும் காட்சி; அதில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அவமானம் தாங்காமல், உண்ணாதிருந்து உயிர் துறப்பதென்று அறைக்குள் அடைந்து கிடந்த அவரை, நடுவர்களில் ஒருவரான துவாயேன் என்ற ஓவியரே வந்து தேற்றி எழுப்பினார். 1773-இல் தத்துவஞானி செனெக்காவின் மரணக் காட்சி. பரிசு பெய்ரோன் என்பவருக்குப் போயிற்று.

1774-இல் கொடுக்கப்பட்ட விஷயம் வேறு வகையானது. தன் சிற்றன்னை ஸ்ட்ரட்டோனிசின்மேல் காதல்கொண்டு, அதை வெளியிட இயலாமல் நோயுற்றுக் கிடக்கிறான் இளவரசன் அந்தியோக்கஸ். அவள் அறைக்குள் வருந்தோறும் அவன் நாடி துடிப்பதைக் கண்டு வைத்தியர் எராசிஸ்ட்ரட்டஸ் நோயின் மூலத்தை அறிகிறார். தாவீதின் படத்தில் முதிய வைத்தியர் கையை நீட்டி அவளைச் சுட்டுகிறார். போரும் அம்பும் இரத்தமும் நிறைந்த காட்சிகளில் தோற்றவர், ஒரு நாடித் துடிப்பே நிகழ்ச்சியாக அமைந்த இக்காட்சியில் வென்றார் என்பதை நான் வெறும் தற்செயலாகக் கருதவில்லை. உடலின் ஆரவாரத்தை விட்டு உள்ளத்தின் அசைவை நோக்கி அவர் திரும்பிய இடம் இதுவே. 1775-இல் ரோமுக்குச் சென்று 1780 வரை தங்கினார். பின்னர் அவருக்குப் பெரும்புகழ் தந்த ‘ஹொராஷியரின் சபதம்’ அந்நகரிலேயே உருவாயிற்று.

பரிசு பெற்றும் பயணம் உடனே வாய்க்காதவர் உண்டு. 1801-இல் வென்ற ஓவியர் ஆங்கர், அரசாங்கக் கஜானாவில் பணமில்லாமையால் 1806 வரை காத்திருந்தார். 1816-இல் தோற்ற ழெரிக்கோவோ சொந்தச் செலவிலேயே இத்தாலி சென்று திரும்பி, 1819-இல் ‘மெதூசாவின் தெப்பம்’ என்னும் மகத்தான சித்திரத்தை மக்கள்முன் வைத்தார்.

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது, பெண்களுக்கு 1903 வரை இப்போட்டியில் பிரவேசமே இல்லாதிருந்ததுதான். இருநூற்று நாற்பது ஆண்டுகளாக எத்தனை விரல்கள் வீட்டுக்குள்ளேயே ஓய்ந்துபோயினவோ! சிற்பத்தில் லூசியேன் ஹோவெல்மான் 1911-இலும், ஓவியத்தில் ஒதெத் போவேர் 1925-இலும் முதற் பரிசு பெற்ற முதற் பெண்மணிகளாயினர்.

தாவீது ரோமிலிருந்து திரும்பிய சில ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. இப்போட்டியை நடத்தி, மூன்று முறை தம்மைத் தோற்கடித்த அரச கலைச்சங்கத்தைக் கலைத்துவிட வேண்டுமென்று, 1793-இல் தேசிய மாநாட்டின் அங்கத்தினராக எழுந்து வாதாடியவர்களில் முன்னின்றவர் அவரே. சங்கமும் அவ்வாண்டே கலைக்கப்பட்டது. பரிசு மட்டும் விரைவில் உயிர்பெற்று, 1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பின் மால்ரோ மந்திரியாக இருந்தபோது ஒழிக்கப்படும் வரை நீடித்தது.