'அவுட்டோர்' என்ற சொல்லும் நான் செய்த ஒரு தவறும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி வீட்டுப்பாடத்தோடு வந்தாள். 'அவுட்டோர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்த பொருள் தரும் மூன்று சொற்களை எழுத வேண்டுமாம். போனில் பார்த்து 'ஓப்பன் ஏர், ஆல்ஃப்ரெஸ்கோ, அவுட்சைட்' என்று எழுதிவிட்டு, "சரியா தாத்தா?" என்றாள். சரி என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

முதலில் இலக்கணம் சொன்னேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் 'அவுட்டோர்'. அவுட்டோர் கேம்ஸ் என்பது போல. எங்கே விளையாடினார்கள் என்ற கேள்விக்குப் பதிலாக வந்தால் கடைசியில் ஓர் 'எஸ்' சேரும். நம் பிள்ளைகள் 'அவுட்டோர்ஸ் கேம்ஸ்' என்று எழுதி அரை மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

அடுத்து, மூன்று சொல்லும் ஒன்றல்ல என்றேன். 'ஆல்ஃப்ரெஸ்கோ' இத்தாலியிலிருந்து போன சொல். 'குளிர்ச்சியான காற்றில்' என்று பொருள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் சாப்பாட்டோடுதான் வரும். மரத்தடியில் மேஜை போட்டுச் சாப்பிட்டால் ஆல்ஃப்ரெஸ்கோ. கிரிக்கெட் ஆடினால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், இத்தாலிக்காரர்கள் வெளியில் சாப்பிடுவதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். பேச்சுவழக்கில் ஒருவன் 'ஆல்ஃப்ரெஸ்கோ'வில் இருக்கிறான் என்றால் ஜெயிலில் இருக்கிறான் என்று அர்த்தம்!

'ஓப்பன் ஏர்' என்ற சொல்லுக்கு ஒரு மருத்துவ வரலாறு உண்டு. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் சிகிச்சை. நோயாளிகளின் கட்டிலைத் தாழ்வாரத்தில் போட்டு வைப்பார்கள். உடல் நலிந்த குழந்தைகளுக்காக 1904இல் பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கிலும், 1907இல் லண்டனில் பாஸ்டல் வுட் என்ற காட்டிலும் திறந்தவெளிப் பள்ளிகள் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் இந்தத் திறந்தவெளி சிகிச்சையை நடத்திவந்த நம் ஊர் மருத்துவர் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். இன்று மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' என்று கேட்கிறோமே, அந்தப் பெயர் வந்த வழி அதுதான்.

இதுவரை பேத்தியிடம் சொன்னது. அவளிடம் சொல்லாத ஒன்றுக்காகத்தான் இந்தப் பதிவு.

பல வருஷங்களுக்கு முன் 'ஆலிவர் ட்விஸ்ட்' சுருக்கக் கதை எங்களுக்கு நான்-டீடெயிலாக இருந்தது. ஒரு மாணவன் எந்த நோட்ஸிலோ பார்த்துவிட்டு, "சார், அவுட்டோர் ரிலீஃப்னா என்ன?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "தெருவில் வரிசையாக நிற்க வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது. 1834 சட்டம் அதை நிறுத்தப் பார்த்தது" என்றேன். அவன் விடவில்லை. "வெயில்ல நிக்க வெச்சு ஊத்துறதை நிறுத்தினா நல்லதுதானே சார்? அதுக்கு ஏன் ஏழைங்க கோபப்பட்டாங்க?" என்றான். வகுப்பு சிரித்தது. "உட்காருடா" என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு இங்கிலாந்து வரலாறு ஒன்றைப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் சொன்னது தலைகீழ். அந்தச் சட்டத்தில் 'அவுட்டோர்' என்றால் திறந்தவெளி அல்ல. ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழைகள் விடுதியின் கதவுக்கு வெளியே என்று பொருள். அதாவது ஏழை தன் சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு பெறும் காசு, ரொட்டி, மருந்து. 1601ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்திலிருந்தே ஊர் மக்களிடம் வரி வாங்கி இப்படிக் கொடுத்துவந்தார்கள். 1834 சட்டம் செய்ய நினைத்தது, உழைக்கும் உடல் உள்ளவனுக்கு வீட்டில் உதவி கிடையாது, வேண்டுமானால் விடுதிக்குள் வா என்பது. உள்ளே புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வெளியே இருக்கும் கடைநிலைக் கூலியின் வாழ்க்கையைவிட உள்ளே மோசமாக இருக்க வேண்டும் என்பதே அதன் கொள்கை. ஆண்டோவர் விடுதியில் உரத்துக்காக எலும்பு உடைக்க வைத்தார்கள். அந்த எலும்பில் ஒட்டியிருந்ததைப் பசியில் தின்றார்கள் என்று 1845இல் வெளியே வந்து நாடே அதிர்ந்தது. வட இங்கிலாந்துத் தொழிலாளர்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாகத் திரண்டதற்குக் காரணம் இப்போது புரிகிறதா? பறிபோனது அவர்கள் குடும்பம். ஆனாலும் விடுதிகளில் எல்லோரையும் அடைக்க முடியவில்லை. வீட்டுக்கே உதவி தருவது பல இடங்களில் தொடர்ந்தது. அந்தப் பழைய ஏழையர் சட்டம் 1948இல்தான் முழுதாக ஒழிந்தது.

இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் தெரு அம்மாயி ஞாபகம் வந்தது. பிள்ளை இல்லாத விதவை. மாதா மாதம் தபால்காரர் முதியோர் உதவித்தொகை மணியார்டரைக் கொண்டுவருவார். அம்மாயி தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கைநாட்டு வைத்து வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளும். அதுதான் அவுட்டோர் ரிலீஃப். யார் வீட்டு வாசலுக்கும் போகவில்லை, எந்த விடுதிக்குள்ளும் போகவில்லை. கண்ணெதிரே இருந்த உதாரணத்தை விட்டுவிட்டு வகுப்பில் கஞ்சித் தொட்டிக் கதை சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சொல்லுக்குள் ஒரு 'டோர்' இருக்கிறது. அது எந்தக் கதவு என்று கேட்டால்தான் பொருள் பிடிபடும். அந்தப் பையன் அதைத்தான் வேறு விதமாகக் கேட்டான். அவன் கேள்வி சரி, என் பதில் தவறு. அவன் பெயர் நினைவில் இல்லை, முகம் இருக்கிறது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் திருத்திக்கொள்ளுங்கள். அவனுக்கும் சொல்லுங்கள், சார் மன்னிப்புக் கேட்டார் என்று.