ஆனைமங்கலச் செப்பேட்டின் ‘சென்னீர்ப் பொதுவினை’: நீர்மாசுத் தடையா, நீருரிமையா?

காவிரிப் படுகையில் நீரை அசுத்தப்படுத்தச் சோழர் காலத்திலேயே தடை இருந்தது என்பார் உண்டு. அவர்கள் கைகாட்டும் சான்றுகளுள் ஒன்று பெரிய லெய்டன் செப்பேடு எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயப் பள்ளிக்கான வரியில்லா நிலமாக, விட்ட ஆணை அது. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தபோது பிறப்பித்தது.  

எபிகிராபியா இண்டிகா 22ஆம் தொகுதியில் இதைப் பதிப்பித்தவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். ‘சென்னீர்ப் பொதுவினை செய்யாதே’ ‘அந்நீர்’ அடைத்துப் பாய்ச்சலாம் என்னும் நிபந்தனைக்கு, நல்ல நீரைப் பொதுக் காரியங்களுக்குப் பயன்படுத்தாமல் பாசனத்துக்கே கொள்ள வேண்டும் என்ற பொருள் அப்பதிப்பை ஒட்டி நிலைபெற்றது. குளிப்பதும் துவைப்பதும் பொதுக் காரியம். எனவே இது சுகாதார விதி என்பது அவர்கள் முடிவு. இந்த வாசிப்பில் ஒரு நேர்த்தி இருக்கிறது. ஆனால் நிபந்தனை நிற்கும் இடம் அதற்கு இடந்தரவில்லை.

அதற்கு முன்னே உள்ளவை என்ன? புறவூர்களுக்குப் போகும், அங்கிருந்து வரும் வாய்க்கால்களில் நீர் பாயலாம். வெளியார் கிளை வெட்டக் கூடாது, குறுக்கே அடைக்கக் கூடாது, குற்றேத்தம் (சிறு ஏற்றம்) போடக் கூடாது, கூடையால் இறைக்கக் கூடாது. பின்னே வருபவை சுட்ட ஓட்டால் மாளிகை எடுப்பதும் கிணறு இழிப்பதும். முழுக்க உரிமைப் பட்டியல். நீர்த் திருட்டுக்கும் மாளிகைக்கும் நடுவே துணி துவைப்பதைப் பற்றி அரசாணை ஓலையைக் கவனிக்கும் ஓலைநாயகம் ஏன் கவலைப்பட வேண்டும்? இத்தகைய நிபந்தனை வரிசை திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் வருகிறது. அது பேசும் பழையனூர் காவிரிப் படுகையில் இல்லை. வாய்பாடாக வருவதை ஓர் ஊரின் வழக்கத்துக்குச் சான்றாக்குவது எப்படி?

எழுத்தும் கவனிக்கத் தக்கது. நல்ல நீர் என்ற பொருளில் ‘செம்மை’யோடு நீர் சேர்ந்தால் செந்நீர், ஓடும் நீர் என்ற பொருளில் ‘செல்’லோடு சேர்ந்தால் சென்னீர். செப்பேட்டில் இருப்பது றன்னகரம். நகர னகர மயக்கம் கல்வெட்டில் சகஜம் என்பதால் இதை மட்டும் நம்பமாட்டேன். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘சென்னீர் வெட்டி’ வாய்க்கால் வேலைக்கான கட்டாய உழைப்பு. ‘வினை’யையும் உழைப்பு என்று கொண்டால், பள்ளிச்சந்தத்தார் ஊர்ப்பொது வாய்க்கால் வேலைக்கு ஆள் தராமலே நீர் பாய்ச்சலாம் என்று பொருள்படும். இறையிலி ஆணைக்கு இதுவே பொருந்துகிறது. பின்வரும் ‘அந்நீர்’ என்ற சுட்டு சென்னீரையே குறிப்பதுபோல் தோன்றுவதால் இதற்குச் சற்று இடறுகிறது. சுட்டு முன் சொன்ன வாய்க்கால் நீரைக் குறிக்கலாம் என்பதற்கு மேல் எனக்குத் துணையில்லை.

இன்னொன்று. ஆனைமங்கலம் இன்றைய கீழ்வேளூர் வட்டத்துக் கடைமடை ஊர். மேலூர் வயலில் வடிந்த நீர்தான் கீழூர் வயலுக்குப் பாயும் நீர். வடிகாலும் வாய்க்காலும் இப்படிக் கலந்த மண்ணில் நல்ல நீர், கழிவுநீர் என்று ஆணையால் கோடு போடுவது நடைமுறைக்கு ஒவ்வாது.

சோழர் நீரைப் பேணவில்லை என்பதல்ல என் வாதம். நீர்மாசுத் தடைக்கு இந்தச் செப்பேடு சாட்சி அல்ல என்பதே. கும்பகோணத்திலும் தஞ்சையிலும் வாய்க்காலில் சாக்கடை விடுவோர்மீது நடவடிக்கை கேட்பவர்கள் இராசராசனை அழைக்க வேண்டியதில்லை. அதற்கு 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.