வாழைப்பழத்தில் குத்திய இரண்டு கம்பிகள்

பல்கலைக்கழகத்தில் படித்தபோது, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு வாழைப்பழத்தில் குத்திப் பார்த்தேன். அது எவ்வளவு பழுத்திருக்கிறது என்பதை ஓர் எண்ணாகவே சொல்லிவிடலாம் என்று நினைப்பு. ஆனால் மின்தடையின் அளவு ஓரிடத்தில் நிற்கவே இல்லை. மீட்டர் பழுது என்று நினைத்தேன். தவறு என் முறையில் இருந்தது.

அந்தத் தவறுக்கான மருந்தை ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் கோல்ராஷ் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். உப்புக் கரைசலில் ஒரே திசையில் மின்சாரம் ஓடினால், அயனிகள் மின்முனைகளில் குவிந்து அளவைக் கெடுத்துவிடும். அதனால் அவர் திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தால் அளந்தார். பழச்சாறும் அயனிகள் கலந்த நீர்தானே!

இந்த முறையால் உயிருள்ள தாவரத்தை அளந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் வின்த்ராப் ஆஸ்டர்ஹௌட். லாமினேரியா என்ற கடற்பாசியை வட்டத் துண்டுகளாக வெட்டி, அடுக்கி வைத்து அளந்தார். உயிரோடு இருந்தபோது மின்தடை அதிகம். இறந்ததும் அது கிட்டத்தட்டக் கடல்நீரின் அளவுக்கு இறங்கியது. இந்த ஆய்வுகளை 1922இல் நூலாக வெளியிட்டார். உயிருள்ள செல்லில் அயனிகளை மறிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. செல் இறந்தால் அது உடைந்துபோகிறது.

அது எவ்வளவு தடிப்பு? 1925இல் ஹியூகோ ஃப்ரிக்கே நாயின் சிவப்பணுக்களை மின்சாரத்தால் அளந்து, அவற்றின் சவ்வு ஏறத்தாழ 3.3 நானோமீட்டர் தடிப்பு என்று கணக்கிட்டார். அன்றைய நுண்ணோக்கி எதிலும் தெரியாத சவ்வு அது!

இனிப் பழத்துக்கு வருவோம். பழம் பழுக்கும்போது செல்சுவர் இளகும், சவ்வு கசியத் தொடங்கும். குறைந்த அதிர்வெண் மின்சாரத்தைச் சவ்வு தடுக்கும். உயர்ந்த அதிர்வெண் அதைக் கடந்துவிடும். இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் சவ்வின் நிலை தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சர்க்கரைக்கு மின்னூட்டம் இல்லை. அதனால் மீட்டர் இனிப்பை அளப்பதில்லை, சவ்வின் நிலையைத்தான் அளக்கிறது. கீழே விழுந்து அடிபட்ட பழத்திலும் சவ்வு உடையும். அங்கேயும் எண் மாறும். அதனால் அதே வகைப் பழத்தைப் பல நாட்கள் அளந்து, சுவைத்தும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும்.

இன்று தரவு வேலை செய்யும்போதும் அந்த வாழைப்பழம் எனக்கு நினைவு வரும். திரையில் ஓர் எண் வந்தவுடன் நான் முதலில் கேட்பது இதுதான்: இது உண்மையில் எதை அளந்தது?