தலையைத் திருப்பினாலும் இடம் மாறாத சத்தம்: விஆர் ஹெட்போனுக்குள் நடப்பது என்ன?

கண்ணில் விஆர் ஹெட்செட், காதில் ஹெட்போன், எதிரே ஒரு காடு. வலப்பக்கம் ஒரு பறவை கத்துகிறது. சத்தம் வந்த பக்கமாகத் தலையைத் திருப்புகிறீர்கள். இப்போது அந்தப் பறவை நேர் எதிரே இருந்து கத்த வேண்டும். அப்படி இல்லாமல் தலையோடு சேர்ந்து சத்தமும் திரும்பி, மறுபடியும் வலப்பக்கமே கேட்டால்? அவ்வளவுதான், காடு கலைந்துவிடும். காதில் ஹெட்போன் மாட்டியிருப்பது மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும்.

விஆர் என்றாலே எல்லோரும் படத்தின் தெளிவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் முதுகுக்குப் பின்னாடி நடப்பதைக் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். ஹெட்போனில் இருப்பதோ காதுக்கு ஒன்றாக 2 ஸ்பீக்கர். அதை வைத்துக்கொண்டு முன், பின், மேல், கீழ் என எல்லாத் திசையையும் எப்படிக் கேட்க வைக்கிறார்கள்?

திசையைக் காது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வலப்பக்கம் இருந்து ஒருவர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சத்தம் முதலில் வலது காதுக்கு வரும். தலையைச் சுற்றி இடது காதை அடையக் கொஞ்சம் தாமதமாகும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். எனவே அதிகபட்ச தாமதமே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.6 முதல் 0.7 மில்லி விநாடிதான். மூளை அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு குறிப்பு சத்தத்தின் அளவு. கீச்சென்ற ஒலிகளைத் தலையே மறைத்துவிடும். அதனால் அந்தப் பக்கக் காதில் அவை குறைவாகக் கேட்கும். கனத்த ஒலிகளுக்கு நேர வித்தியாசம், கூர்மையான ஒலிகளுக்கு அளவு வித்தியாசம் என்று 1907-லேயே விளக்கியவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் லார்ட் ராலே.

ஆனால் இது பாதிதான். நேர் எதிரே இருந்து வரும் சத்தமும் நேர் பின்னால் இருந்து வரும் சத்தமும் இரண்டு காதையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் சேரும். பிறகு எப்படி வித்தியாசம் தெரிகிறது? அங்கேதான் காதுமடல் வருகிறது. அதில் உள்ள மேடுபள்ளங்களில் ஒலி மோதி, வரும் திசைக்கு ஏற்றபடி சில அதிர்வெண்கள் கூடும், சில குறையும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் சத்தம் மேலே இருந்து வருகிறதா, பின்னாடி இருந்து வருகிறதா என்று மூளை முடிவு செய்கிறது. அப்படியும் சந்தேகம் வந்தால் நம்மை அறியாமலே தலையை லேசாகத் திருப்பிச் சரிபார்த்துக்கொள்கிறோம்.

ஒருவர் காது போல இன்னொருவருக்கு இல்லை

இந்தத் திறமை பழக்கத்தில் வருவது. 1998-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலரின் காதுமடலில் சிறிய அச்சுகளைப் பொருத்தி அதன் வடிவத்தையே மாற்றினார்கள். உடனே அவர்களால் சத்தம் மேலே இருந்து வருகிறதா, கீழே இருந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. இடம், வலம் மட்டும் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. சில வாரங்களில் மூளை புதிய காதையும் பழகிக்கொண்டது. அச்சை எடுத்ததும் பழைய காதால் எப்போதும்போலக் கேட்க முடிந்தது. பழைய பாடத்தை மூளை மறக்கவே இல்லை.

தலை, தோள், காதுமடல் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு திசையில் வரும் ஒலியையும் எப்படி மாற்றுகின்றன என்ற அளவீட்டுக்கு ஹெச்ஆர்டிஎஃப் என்று பெயர். ஹெட்போனில் திசை காட்டும் வேலை முழுக்க இந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கிறது.

எப்படிப் பதிவு செய்கிறார்கள்?

முதல் வழி, பொம்மைத் தலை. மனிதத் தலை போன்ற ஒன்றைச் செய்து, இரண்டு காதுக்குள்ளும் மைக் வைத்துப் பதிவு செய்வது. இதற்குப் பைனாரல் என்று பெயர்.

இரண்டு காதுக்குத் தனித்தனி ஒலி என்ற யோசனை மிகப் பழையது. 1881-ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், ஓப்பரா மேடையின் விளிம்பில் வரிசையாக மைக் வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாக இசையை அனுப்பிக் காட்டினார் பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமெண்ட் ஆதேர். பார்வையாளர்கள் காதுக்கு ஒன்றாக 2 ரிசீவரை வைத்துக் கேட்டார்கள். 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 'ஆஸ்கர்' என்ற பொம்மையைக் கொண்டுவந்து வைத்தது. இன்று ஸ்டுடியோக்களில் பேர்பெற்றது ஜெர்மனியின் நியூமன் கேயு 100.

2017-ல் வந்த 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சேக்ரிஃபைஸ்' கேமில் நாயகியின் தலைக்குள் கேட்கும் குரல்கள் இப்படிப் பதிவானவைதான். நடிகர்கள் மைக்கைச் சுற்றி நடந்தபடியே பேச, கேட்பவருக்கு யாரோ காதோரம் வந்து கிசுகிசுப்பது போல இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். பதிவின்போது பொம்மை எந்தப் பக்கம் பார்த்ததோ அதுதான் முடிவான திசை. கேட்பவர் தலையைத் திருப்பினால் மொத்த உலகமும் கூடவே திரும்பும். தலைக்குள் கேட்கும் குரலுக்கு அது பொருத்தம். மரத்தில் இருக்கும் பறவைக்கு அல்ல.

இரண்டாவது வழி, ஆம்பிசோனிக்ஸ். 1970-களில் பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு கணிதவியலாளர் மைக்கேல் கெர்சன் முன்னின்று உருவாக்கியது. நான்முகி வடிவில் நான்கு மைக்குகளை நெருக்கமாக வைத்து, ஒரு புள்ளியைச் சுற்றி வரும் மொத்த ஒலியையும் பிடிப்பார்கள். அது 4 சேனலாக மாற்றப்படும். ஒன்று மொத்தச் சத்தம். மற்ற மூன்றும் முன்-பின், இட-வலம், மேல்-கீழ். பதிவு முடிந்த பிறகும் கணக்குப் போட்டு இந்த ஒலி உலகத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழற்றலாம்.

விஆருக்குத் தேவை இதுதான். ஆனால் அந்தக் காலத்தில் இதற்குச் சந்தை இல்லை. 40 ஆண்டுகள் கழித்து விஆர் வந்ததும் தூசு தட்டி எடுத்தார்கள். 2016-ல் யூடியூப் தன் 360 டிகிரி வீடியோக்களுக்கு இதை ஏற்றுக்கொண்டது. குறை என்ன? 4 சேனலில் திசை கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். துல்லியம் கூட்ட 9, 16 என்று சேனல்களைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது வழி கேம்களுக்கானது. ஒவ்வொரு சத்தத்தையும் தனியாகப் பதிவு செய்து, 'இது இந்த இடத்தில் இருக்கிறது' என்று குறித்துவிடுவார்கள். மற்றதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

கேட்கும் நொடியில் என்ன நடக்கிறது?

ஹெட்செட்டில் உள்ள சென்சார் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லும். மென்பொருள் ஒலி உலகத்தை அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் சுழற்றும். பிறகு ஹெச்ஆர்டிஎஃப் கணக்கைப் போட்டு 2 சேனலாக்கிக் காதுக்கு அனுப்பும். நீங்கள் தலையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் இத்தனையும் நடக்கிறது. சுவரில் பட்டு வரும் எதிரொலியையும் சேர்ப்பார்கள். அது இல்லையென்றால் சத்தம் வெளியே இருந்து வராமல் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் ஏன் சிலருக்குச் சரியாக வருவதில்லை?

காரணம், அந்தக் கணக்கு பெரும்பாலும் வேறு யாருடைய காதையோ வைத்துப் போட்டது. 1994-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஒரு பொம்மைத் தலையைச் சுற்றி 710 திசைகளில் ஒலியை அளந்து, அந்தத் தரவை இலவசமாக வெளியிட்டது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். பொம்மையின் காது உங்கள் காதுக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் முன்னால் வர வேண்டிய சத்தம் பின்னாடி கேட்கும். உங்கள் காதில் எந்தக் குறையும் இல்லை, கணக்குத்தான் உங்களுடையது அல்ல.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். 2020-ல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 5, 5 வகை கொடுத்து 'பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்றது. ஆப்பிள் 2022-ல் ஐபோன் கேமராவால் காதையே ஸ்கேன் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது.

8டி பாடல்களும் இதுதானா?

இல்லை. 'ஹெட்போன் போட்டுக் கேளுங்க' என்று யூடியூபில் வரும் 8டி பாடல்கள், ஏற்கெனவே முடிந்த பாட்டை எடுத்து இடமும் வலமுமாகச் சுற்றவிட்டு, எதிரொலி சேர்ப்பவை. 8 பரிமாணம் என்று எதுவும் கிடையாது. தலையைத் திருப்பினால் எதுவும் மாறாது. கேட்க நன்றாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

யாருக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை?

பார்வையை இழந்த பேராசிரியர் ஜான் ஹல் ஒலிநாடாவில் பதிவு செய்துவைத்த நாட்குறிப்புகளை வைத்து, 2016-ல் 'நோட்ஸ் ஆன் பிளைண்ட்னஸ்: இன்டு டார்க்னஸ்' என்ற விஆர் படைப்பு வந்தது. எங்கும் இருட்டு. சத்தம் எழும்பும் பொருள் மட்டும் மங்கலாகத் தெரியும். சத்தம் நின்றால் அதுவும் மறையும். இங்கே ஒலியின் இடம் தவறினால் கதையே இல்லை.

மறுபக்கமும் உண்டு. ஒரு காது மட்டும் கேட்பவர்களுக்கு இரண்டு காதையும் ஒப்பிடும் இந்த வித்தை பெரிதும் பயன்படாது. வலப்பக்கச் சத்தத்தை வைத்துத்தான் ஆட்டமே நகரும் என்றால் அவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். திசை காட்டும் அம்புக்குறியோ, எழுத்தோ திரையில் வருவது அவர்களுக்கு அவசியம். செல்போன்களின் அணுகல்தன்மை அமைப்புகளில் உள்ள 'மோனோ ஆடியோ' இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாக்கித் தரும். திசை போய்விடும், சத்தமாவது விடுபடாது.

கவனிக்க வேண்டியவை

* ஹெட்போனில் இடது, வலது மாறினால் எல்லாமே தலைகீழாகும். முதலில் அதைப் பாருங்கள்.
* கேமிலேயே 3டி ஒலி இருந்தால், ஹெட்போனின் 7.1 சரவுண்ட் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரே வேலையை இரண்டு முறை செய்தால் திசை குழம்பும்.
* சாதாரண ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரலாம். விஆருக்கு வயர் ஹெட்போனோ, ஹெட்செட்டோடு வரும் ஸ்பீக்கரோ பாதுகாப்பானது.
* '3டி ஆடியோ' என்று விளம்பரம் பார்த்தால், தலை அசைவைக் கண்டறியும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

வாங்கும் முன் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுத்துத் தலையைத் திருப்புங்கள். சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தால் வாங்கலாம். கூடவே திரும்பினால், அது வழக்கமான ஸ்டீரியோதான்.