கோபாலபுரத்துக் கொல்லை: ஒரு தண்ணிக் கணக்கு

எங்க பேட்டையில இப்ப ஒரு தோட்ட ஜுரம். பலகையில பெட்டி அடிச்சு, மண்ணைக் கொட்டி, மேட்டுப்பாத்தி போட்டு, ஓரத்துல நாலு பழமரம் வெச்சு... எல்லாருக்கும் வீடியோ பார்த்து வந்த ஆசை. "எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"ன்னு என்கிட்ட கேட்டா, "1835-லேர்ந்து"ன்னு சொல்லுவேன். முறைக்கறாங்க. :) அந்த முறைப்புக்கான விளக்கம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கோபாலபுரத்துக்கு ஒரு பக்கம் லாயிட்ஸ் ரோடு (இப்ப அவ்வை சண்முகம் சாலை), இன்னொரு பக்கம் கதீட்ரல் ரோடு. கதீட்ரல் ரோட்டைத் தாண்டினா போயஸ் கார்டன். இந்த ஊர்ல 'கார்டன்'னு பேர் வெச்ச இடங்கள் எத்தனைன்னு யோசிச்சுப் பாருங்க. பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில கோட்டைக்குள்ள நெருக்கியடிச்சுக்கிட்டு இருந்த வெள்ளைக்காரங்க வெளியில வந்து, பெரிய பெரிய மனைகள்ல தோட்ட வீடு கட்டிக்கிட்டாங்க. அடையாறுல பிரம்மஞான சபை 1882-ல வாங்கினதும் அப்படி ஒரு தோட்ட வீடுதான். அப்ப அதுக்குப் பேர் ஹடில்ஸ்டன் கார்டன்ஸ். மத்த பல இடங்கள்ல தோட்டம் போயிடுச்சு, பேர் மட்டும் தபால் விலாசத்துல நிக்குது.

அந்தக் காலத்துல செடிப் பைத்தியம் பிடிச்ச ஆளுங்களும் இருந்தாங்க. கம்பெனி டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அதுல முக்கியமானவர். நுங்கம்பாக்கத்துல ஒரு தாவரத் தோட்டம் போட்டார். சைதாப்பேட்டையில சப்பாத்திக்கள்ளி இனத்தை வளர்த்து, அதுல சாயப்பூச்சி விட்டு, துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கப் பார்த்தார். சாய வியாபாரம் எதிர்பார்த்தபடி வரலை. 1809-ல காலமானார். கதீட்ரல் ரோட்டுக்குப் பேர் குடுத்த செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்குள்ள அவருக்குச் சிலை இருக்கு.

இப்ப 1835-க்கு வருவோம். அந்த வருஷம்தான் சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சதுல முக்கியமானவர் ராபர்ட் வைட். அவரும் கம்பெனி டாக்டர்தான், தென்னிந்தியத் தாவரங்களைப் பத்திப் படம் போட்டுப் பெரிய பெரிய புஸ்தகங்கள் எழுதினவர். கதீட்ரல் ரோட்டுல சங்கத்துக்குத் தோட்டம். வெளியூர், வெளிநாட்டு விதைகளை வரவழைச்சு, நம்ம வெயில்ல தாங்குதான்னு பார்த்து, தாங்கினதை வேணுங்கறவங்களுக்குக் குடுக்கறது அவங்க வேலை. மலர்க் கண்காட்சியும் நடத்தினாங்க. ரொம்ப காலம் அங்க நர்சரி இருந்தது. கன்னு வாங்கப் போறவங்களுக்கு எங்க பேட்டையிலேர்ந்து நடக்கற தூரம். அரசாங்கம் தன் பங்குக்கு 1868-ல சைதாப்பேட்டையில விவசாயப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சது. அதுதான் 1906-ல கோயமுத்தூருக்குப் போய், பின்னாடி வேளாண் பல்கலைக்கழகமா வளர்ந்தது.

ஆக விதைக்கும் கன்னுக்கும் இந்தப் பக்கத்துல பஞ்சமே இருந்ததில்லை. ஆனா கொல்லையை உயிரோட வெச்சிருந்தது விதை இல்லீங்க. கிணறு.

பழைய வீட்டுக் கொல்லையை ஞாபகம் வெச்சிருக்கறவங்க ஒரு தடவை மனசுக்குள்ள நடந்து பாருங்க. கிணத்தடி, பக்கத்துல துவைக்கிற கல்லு. துவைச்ச தண்ணி சின்ன வாய்க்கால் வழியா வாழைக்கு. குளிச்ச தண்ணி தென்னைக்கு. அரிசி களைஞ்ச தண்ணி கருவேப்பிலைக்கு. பாத்திரம் தேய்க்கிற இடத்துல சேம்பு தானா முளைச்சு நிக்கும். தோட்டத்துக்குன்னு தனியா இறைச்சது கொஞ்சம்தான். வீட்டுக்கு இறைச்ச தண்ணியே ரெண்டாவது தடவை அங்க வேலை செஞ்சுது.

அந்தக் கொல்லையில என்ன காய் விளைஞ்சுதுன்னு தெரியணுமா? திவசச் சமையலைப் பாருங்க. தக்காளி, உருளை, கோஸ், கேரட், மிளகாய்க்கு அங்க இடம் கிடையாது. வாழைக்காய், பாகல், புடலை, அவரை, சேப்பங்கிழங்கு, பிரண்டை, காரத்துக்கு மிளகு. கப்பல்ல வந்த 'இங்கிலீஷ் காய்' எல்லாம் வெளியில நிக்குது. போர்த்துக்கீசியர் வர்றதுக்கு முந்தின கொல்லையோட பட்டியலை, அதுன்னு தெரியாமலே பத்திரமா வெச்சிருக்காங்க. (சில வீட்டுல சர்க்கரைவள்ளி போடுவாங்க, அது அமெரிக்காக்காரர். எப்படியோ உள்ள நுழைஞ்சுட்டார்!) பழமரத்துலயும் இதே கதைதான். 'நம்ம' கொய்யா, பப்பாளி, சப்போட்டா, சீத்தா எல்லாமே அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்தது. வந்ததுக்கும் இருந்ததுக்கும் ஒரே கிணத்துத் தண்ணிதான்.

இந்த ஏற்பாடு ஒரே நாள்ல போயிடலை. மூணு தவணையில போச்சு.

முதல் தவணை, பாதாளச் சாக்கடை. 1872-ல செங்குன்றம் ஏரித் தண்ணி பட்டணத்துக்கு வந்தது. 1910-ல, 1961-ல இருக்கப் போற ஜனத்தொகையைக் கணக்குப் பண்ணி, சாக்கடைத் திட்டம் போட்டாங்க. ஊர் சுகாதாரத்துக்கு ரொம்ப நல்ல காரியம், காலராவுக்குப் பயந்த ஊர் இது. ஆனா வாழைக்குப் போன தண்ணி குழாய்க்குள்ள போக ஆரம்பிச்சது.

ரெண்டாவது, சோப்புத் தூள். இதை யாரும் பெரிசாப் பேசி நான் கேட்டதில்லை. சீயக்காய், அரப்பு, பயத்தமாவு, சாம்பல், புளின்னு இருந்தவரைக்கும் அழுக்குத் தண்ணியும் செடிக்கு ஆகாரம்தான். 1959-ல சர்ஃப் வந்தது, 1969-ல நிர்மா வந்து அதை எல்லா வீட்டுக்கும் கொண்டு போச்சு. சலவைத் தூள்ல இருக்கற சோடியம் உப்பு மண்ணுல சேரச் சேர, மண்ணு இறுகி, தண்ணி இறங்காது. வீட்டுத் தண்ணியை வாழைக்கு விடவே யோசிக்க வேண்டியதாப் போச்சு.

மூணாவது, ஃபிளாட். எண்பதுகள்லேர்ந்து தனி வீடுகள் ஒவ்வொண்ணா இடிஞ்சு அடுக்கு மாடி ஆச்சு. கிணத்தை மூடிட்டு போர் போட்டாங்க. கொல்லை கார் நிறுத்தற இடமாச்சு, சிமென்ட் பூசியாச்சு. மழைத்தண்ணி உள்ள இறங்க வழியில்ல, போர் மட்டும் உறிஞ்சுது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2003-ல மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினாங்க. 2003-04-ல குழாய் வறண்டு லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னோம். 2019 ஜூன்ல ஊருக்குத் தண்ணி தர்ற ஏரிகள் திரும்ப வறண்டு, உலகப் பத்திரிகையெல்லாம் நம்மளைப் பத்தி எழுதிச்சு.

நடுவுல அரசாங்கம் 'தோட்டம் போடு, தோட்டம் போடு'ன்னு சொல்லாமலும் இல்லை. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, ரேஷன் காலத்துல, 'அதிக உணவு விளைவிப்போம்' இயக்கம். 1965-ல பஞ்சம் மிரட்டினப்ப பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தன் பங்களா புல்தரையையே உழுது காட்டினார். 2013-ல நம்ம மாநில அரசு சென்னையிலயும் கோவையிலயும் மானியத்தோட மாடித் தோட்டத்துக்கான பொருட்களைக் குடுக்கற திட்டம் அறிவிச்சது. முதல் ரெண்டும் தரையில விளைவிக்கச் சொன்னது. மூணாவது மொட்டை மாடியில. அதாவது, நம்மகிட்ட இனிமே தரை இல்லைன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட வருஷம் 2013-னு நான் வெச்சுக்கறேன்.

சரி, மேட்டுப்பாத்தி. இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்புன்னு நினைக்க வேண்டாம். நம்ம காவிரிக்கரை வெத்தலைக் கொடிக்கால் மேட்டுப்பாத்திதானே? உசந்த பாத்தி, நடுவுல ஆழமான வாய்க்கால்ல தண்ணி, கொடி ஏற அகத்தி. மெக்ஸிகோவுல ஏரிக்குள்ள மண்ணு மேடு கட்டி விவசாயம் பண்ணின 'சினாம்பா'வும் கிட்டத்தட்ட இதே. ரெண்டுலயும் கவனிங்க: மேடு உசரத்துல இருக்கு, தண்ணி காலடியிலயே இருக்கு. வேர் அழுகாது, அதே நேரம் தாகமும் எடுக்காது. குளிர் நாட்டுல வேற காரணம்: மழை அதிகம், மண்ணு சில்லுனு இருக்கும், மேடு சீக்கிரம் சூடாகும். அந்த ஊர் வீடியோவைப் பார்த்து கோபாலபுரத்துல மே மாசம் மேடு கட்டினா, ஏற்கெனவே கொதிக்கிற மண்ணை இன்னும் காய வைக்கிறோம்.

சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. பாதிக்கு மேல அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல கொட்டிடும். அதனால மழைக்காலத்துக்கு மேட்டுப்பாத்தி, கோடைக்கு நாலு பக்கம் வரப்பு கட்டின பள்ளப்பாத்தி. நம்ம ஊர்த் தோட்டக்காரங்க ரெண்டையும் மாத்தி மாத்திப் பண்ணினது சும்மா இல்லை. தரை கிடைச்ச புண்ணியவான்கள் இதையே பண்ணலாம்: நாலடி அகலம் (ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கை எட்டணும்), மழை முடிஞ்சதும் மேட்டை இறக்கிட்டு, மேல சருகு மூடாக்கு.

மாடியில போடறவங்க முதல்ல பாரத்தைப் பாருங்க. மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி வெச்சிருக்கற கணக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஒரு சதுர மீட்டர்ல ஒரு அடி ஆழத்துக்கு ஈர மண்ணு கொட்டினா 500 கிலோ வந்துடும். மூணு மடங்குக்கு மேல! மாடித் தோட்டத்துக்குத் தென்னை நார்க்கழிவு பை குடுக்கறது இதனாலதான். ட்ரம்ல வெக்கிற கொய்யா, எலுமிச்சை, மாதுளையைத் தூண், உத்தரத்துக்கு மேல வர்ற மாதிரி வைங்க. பலகைப் பெட்டி நிறைய செம்மண்ணுன்னா, கட்டட இன்ஜினீயர்கிட்ட காட்டாம வேண்டாம்.

தரையில வைக்கறவங்களுக்கு: பப்பாளியை மேட்டுல வைங்க, காலடியில தண்ணி நின்னா அழுகிடும். முருங்கையை வருஷா வருஷம் கழிச்சு விடுங்க. 2016 டிசம்பர் 12, வர்தா புயல்ல ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல மரம் சாய்ஞ்ச ஊர் இது.

கடைசியா அந்தத் தண்ணிக் கணக்கு. நாலுக்கு எட்டு அடிப் பாத்தி ஒண்ணு மே மாசம் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் குடிக்கும். ஒரு குடத்துக்கு மேல. இதை லாரித் தண்ணியில ஊத்தினா உங்க தக்காளிதான் ஊர்லயே விலை ஜாஸ்தி. அரிசி, காய் கழுவின தண்ணி, ஏ.சி.யிலேர்ந்து ராத்திரி முழுக்கச் சொட்டற தண்ணி ரெண்டையும் பிடிச்சா பாதிக் கணக்கு முடிஞ்சுது. (ஆர்.ஓ. மெஷின் வெளியேத்தற தண்ணியை ஊத்தாதீங்க, உப்பு.) இன்னொரு கணக்கு: ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில ஒரு வருஷத்துக்கு விழற மழை சுமார் 1,30,000 லிட்டர். அது நேரா சாக்கடைக்குப் போகுதா, உறைகிணத்துக்குப் போகுதான்னு உங்க அசோசியேஷன் கூட்டத்துல கேளுங்க. விதை பாக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது இதுதான்.

அந்த 1835 சங்கம் என்ன ஆச்சுன்னு சொல்லலையே. 1962-ல அதோட இடத்துல ஒரு பகுதியில உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. கார்ல உட்கார்ந்து தோசை சாப்பிட்ட தலைமுறைக்கு அது வேற சரித்திரம். 2008-ல அது மூடி, 2010-ல செம்மொழிப் பூங்கா ஆச்சு. மிச்ச நிலத்துக்காகப் பல வருஷம் வழக்கு நடந்து, அரசாங்கம் எடுத்துக்கிட்டு, 2024 அக்டோபர்ல ஜிப்லைனோட கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தாங்க. ரெண்டுமே அழகான பூங்காதான், குழந்தைங்களுக்குக் கொண்டாட்டம். டிக்கெட் எடுத்து உள்ள போய்ப் பார்த்துட்டு வரலாம். ஆனா கையில ஒரு கன்னோட வீட்டுக்கு வர்றதுக்காக ஆரம்பிச்ச இடம் அது. அந்த வேலையை இப்ப யார் செய்யறது?

நாமதான் செய்யணும்னு எனக்குத் தோணுது. ஒருத்தர் மாடியில நல்லா காய்ச்ச கத்திரியோட விதை நாலு மாடிக்குப் போனா, வைட் துரை ஆரம்பிச்ச வேலை கொஞ்சம் நடந்த மாதிரி. என்கிட்ட புடலையும் நாட்டு அவரையும் இருக்கு. உங்க கொல்லைக் கதையைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. குளிச்ச தண்ணி எந்த மரத்துக்குப் போச்சுங்கறதையும் மறக்காம எழுதுங்க.